ஒரே சீட்டுக்கட்டு, வேறு வேறு கட்டுரைகள்

குன்னூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கும் பெருமை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரை எப்படிச் சொல்லித்தருகிறாய் என்று கேட்டிருந்தாய். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் பொருளுரைக்குள் எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது என்பதில்தான் திணறுகிறார்கள். கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறதோ, அந்தக் கேள்விதான் வரிசையைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த முறை மலை ரயிலை எடுத்துக்கொண்டோம். செய்திகளைச் சீட்டுகளில் எழுதினோம்: 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை திறந்தது, 1908-இல் ஊட்டியை எட்டியது, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்று ஏறும் கடுமையான ஏற்றம், அங்கே நடுவில் என்ஜினின் பல்சக்கரம் கவ்விக்கொள்ளும் பல் தண்டவாளம், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். எல்லாக் குழுவுக்கும் ஒரே சீட்டுகள், கேள்வி மட்டும் வேறு. 'பாதை எப்படி வளர்ந்தது?' என்ற குழு ஆண்டு வரிசையில் அடுக்கியது. பாதையின் இரு பகுதிகளை ஒப்பிடும் குழு, குன்னூருக்குக் கீழே, மேலே என்று பிரித்துக்கொண்டது.

மூன்றாவது குழுவின் கேள்வி: 'மலை ஏறும்போது என்ஜின் ஏன் பின்னால் நின்று தள்ளுகிறது?' அந்தக் குழுப் பெண் வழக்கம்போல 1899-இல் தொடங்கினாள். "உன் கேள்விக்கு முதலில் எந்தச் சீட்டு வேண்டும்?" என்றேன். யோசித்துவிட்டு ஏற்றத்தை முன்னால் வைத்தாள். அவ்வளவு ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கும். ஆகையால் பல் தண்டவாளம். கொக்கி கழன்றால் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருளும். ஆகையால் தாங்கிப்பிடிக்க என்ஜின் கீழ்ப்பக்கம். முதல் பிரதியில் 'பிறகு', 'பிறகு' என்று கோத்திருந்தவள், தானாகவே 'ஆகையால்' என்று எழுதியதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

கையில் யுனெஸ்கோ சீட்டு மிஞ்சியது. "இதை எங்கே வைப்பது, டீச்சர்?" "இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. உண்மையான ஒரு செய்தியை விட்டுவிடுவதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். குறிப்புக்கு ஒரு மதிப்பெண் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்? இதை மாற்ற ஓர் ஆண்டு முழுவதும் செலவிட்டாலும் தகும்.

உங்கள் தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி உன் மாணவர்களைச் சீட்டுகள் எழுதச் சொல்லி எனக்கு அனுப்பு. வரிசைப்படுத்தாமலேயே அனுப்பு, கேள்விகளை என் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி