வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் நிதியமைச்சர் அல்லர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நெப்போலியன் கட்டுரையைச் சுவைத்துப் படித்தேன். ஓரிடம் மட்டும் இடறியது. ஆஸ்டர்லிட்ஸ் வெற்றிக்குப் பின் பாரிஸ் திரும்பியதும், 1806 ஜனவரியில், நெப்போலியன் தம் நிதியமைச்சரை வீட்டுக்கு அனுப்பினார் என்றிருக்கிறது. அனுப்பப்பட்டவர் பார்பே-மார்புவா, அவர் கருவூல அமைச்சர். அன்றைய பிரான்சில் வரி விதித்து வசூலிப்பது நிதி அமைச்சகம், வந்த பணத்தைக் காத்துப் பட்டுவாடா செய்வது கருவூல அமைச்சகம். முப்பது ஆண்டுகள் கருவூலத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் இந்த வேறுபாட்டை என்னால் விட்டுக்கொடுக்க இயலாது.

நிதியமைச்சர் கோதேன் அப்போதும் நாற்காலியில்தான் இருந்தார். 1799 நவம்பரில் அமர்ந்தவர் 1814 ஏப்ரல் வரை எழுந்திருக்கவில்லை. பதவியிழந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்ட நெப்போலியன் அங்கிருந்து மீண்டு வந்து ஆண்ட 1815-இன் ‘நூறு நாட்களிலும்’ அவரேதான்.

அவரைப் பதவியில் அமர்த்திய கதை சுவையானது. தம் நினைவுக்குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். நிதித்துறையில் நெடுநாள் வேலை பார்த்தீரா என்று நெப்போலியன் கேட்கிறார். இருபது ஆண்டுகள் என்கிறார் கோதேன். சரி, உறுதிமொழி எடும், எங்களுக்கு அவசரம். அவ்வளவுதான் நேர்காணல்! கருவூலப் பெட்டியைத் திறந்தால் ரொக்கம் சுமார் 1,67,000 பிராங்க். படைகளுக்குச் சம்பளம் போட வேண்டிய அரசின் கையிருப்பு அது.

வரி வந்து சேரும்வரை காத்திருக்க முடியாதே. ஒவ்வொரு மாவட்டத்தின் தலைமை வசூல் அலுவலரும் ஆண்டு வரிக்கு மாதத் தவணைகளாக முன்கூட்டியே பத்திரம் எழுதித் தர வேண்டும், ஜாமீன் தொகையும் கட்ட வேண்டும் என்று கோதேன் விதித்தார். பத்திரத்தைக் காட்டிக் கருவூலம் கடன் வாங்கலாம். தவணை தவறினால் ஜாமீன் பணத்தில் கை வைக்கலாம். வரிப்பட்டியல் எழுதும் வேலையை உள்ளூர் மன்றங்களிடமிருந்து பிடுங்கிச் சம்பள அலுவலர்களிடம் ஒப்படைத்தார். அண்டை வீட்டுக்காரனே அண்டை வீட்டுக்காரனுக்கு வரி போட்டால் பட்டியல் என்றைக்கு முடியும்?

அவரைப் புனிதராக்கவில்லை. புரட்சி ஒழித்த உப்பு வரி 1806-இல் திரும்பி வந்தது அவர் காலத்தில்தான். ஆனால் 1807-இல் தொடங்கிய நில அளவைக்காக அவரைக் கும்பிடலாம். வயல் வயலாக, துண்டு துண்டாக அளந்து, உரிமையாளர் பெயரோடு படம் வரைந்தார்கள்; வேலை முடிய 1850 ஆயிற்று. அந்தப் பழைய படங்களுக்கு பிரான்சில் இன்றும் வழங்கும் பெயர் ‘நெப்போலியன் நில அளவை’. அங்கேயும் கோதேன் பெயர் இல்லை. உங்கள் கட்டுரையிலும் இல்லை.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாவது வெளியிடுங்கள்.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்