முதல் மூன்று மாதம் பக்கத்தில் நிற்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் படிப்பை முடித்து வேலை தேடுவோருக்காகத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். ஊதியம், தங்கும் விடுதி, படுக்கைகளின் எண்ணிக்கை, பின்னாளில் வெளிநாடு செல்லும் வாய்ப்பு என ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்ன அக்கட்டுரை, வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதங்களில் புதியவரின் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்று மட்டும் கேட்கச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் வார்டிலேயே காலம் கழித்தவள் என்ற முறையில், மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பேன்.

நான் முதலில் சேர்ந்த மருத்துவமனை பெரியது, பெயர் பெற்றதும்கூட. நான்காம் நாள் இரவே ஒரு வார்டை என்னிடம் தனியாக ஒப்படைத்துவிட்டார்கள். சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாமலா சான்றிதழ் வாங்கினாய்?" என்ற பதில் நோயாளியின் காதிலும் விழும்படி வரும். மூன்று வாரங்களில் நான் கேட்பதையே நிறுத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் நான் தேறிவிட்டதாக எண்ணியிருப்பார்கள். தெரியாததை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். கல்லூரியில் கற்ற செவிலியத்துக்கும் வார்டில் நடக்கும் செவிலியத்துக்கும் உள்ள இடைவெளி புதியவர்களைத் தாக்குவதை மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1974ஆம் ஆண்டிலேயே 'யதார்த்த அதிர்ச்சி' என்று பெயரிட்டு எழுதினார் என்பதை நான் அறிந்துகொண்டது வெகுகாலம் கழித்துத்தான்.

எட்டு மாதங்களில் அங்கிருந்து விலகி, அதைவிடச் சிறிய ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கே ஒரு மாலை, நோயாளி ஒருவரின் மருந்துக் குறிப்பில் இன்சுலின் 40 என்று எழுதியிருப்பதாக வாசித்து, அந்த அளவைச் சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். இன்சுலினை இருவர் சரிபார்த்த பிறகே போட வேண்டும் என்பது அந்த வார்டின் வழக்கமாதலால் மூத்த சிஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிஞ்சைக் கையில் வாங்கவில்லை. "எத்தனை யூனிட்டுன்னு வாய்விட்டுச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். "நேத்து இதே நேரத்துக்கு எத்தனை போட்டிருக்கோம், பாரு." பார்த்தேன், 4 என்று இருந்தது. 4 என்ற எண்ணை ஒட்டி, யூனிட் என்பதற்கு அடையாளமாக மருத்துவர் அவசரத்தில் கிறுக்கிய U என்ற ஒற்றை ஆங்கில எழுத்து, மேற்பக்கம் மூடிப்போய் எனக்குச் சுழியமாகத் தெரிந்திருக்கிறது. பல நாடுகளில் நடந்துள்ள தவறு இது என்பதையும், யூனிட் என்ற சொல்லை முழுமையாக எழுத வேண்டும் என்ற விதி இதனால்தான் பிறந்தது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கை நடுங்கிக்கொண்டிருந்த என்னை உட்காரவைத்து, நடந்த தவறைப் பதிவுசெய்யும் சம்பவ அறிக்கையை என்னோடு சேர்ந்தே எழுதினார். மறுநாள் காலை, ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் பணிமாற்றத்தின்போது அந்தக் குறிப்பை எல்லோரிடமும் காட்டி, இது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தவறாக வாசித்தது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. மருத்துவரிடமும் போய்ப் பேசினார். அவருக்கு அன்று கிடைத்தது தனிக் கதை.

புதிய செவிலியருக்கு ஆதரவான இடம் என்றால் என்னவென்று யாரேனும் கேட்டால், எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது. இதற்கு ஆய்வின் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, கணக்கு நேர்மாறாக வந்தது: நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் மிகுதி. அங்கே இருந்தவர்கள் தவறுகளை அஞ்சாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் அவை மூடி மறைக்கப்பட்டன என்பதே அவர் கண்டறிந்த காரணம். எனவே, "எங்கள் வார்டில் தவறே நடப்பதில்லை" என்று நேர்காணலில் யாராவது பெருமையாகச் சொன்னால் புதியவர்கள் சற்றுத் தயங்குவது நல்லது.

சேர்வதற்கு முன்பே இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். முழுமையாக முடியாது. ஆனாலும், ஒரே ஒரு பணிமாற்றத்தை ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். ஒருவர் மடமடவென்று ஒப்பித்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாரா, அல்லது படுக்கையருகே நின்று, வயதில் இளையவர் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்கிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு வழிகாட்டியாக ஒரு மூத்த செவிலியர் நியமிக்கப்படுவாரா, எத்தனை வாரம், அந்த வாரங்களில் நான் பணிப்பட்டியலின் ஆள்கணக்கில் சேர்வேனா சேரமாட்டேனா என்று கேளுங்கள். இதில் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கணக்கில் சேர்த்துவிட்டால் வழிகாட்டிக்கும் அவருடைய நோயாளிகள், உங்களுக்கும் உங்களுடைய நோயாளிகள். கற்பித்தல் என்பது காகிதத்தோடு நின்றுவிடும். சென்ற ஆண்டு சேர்ந்த புதியவர்களில் இன்றும் அதே வார்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நிர்வாகத்திடம் கேட்பதோடு நில்லாமல், ஆறு மாதத்துக்கு முன்பு சேர்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்தும் கேளுங்கள். அவர் பதில் சொல்லுமுன் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தால், அதுவும் ஒரு பதில்.

இரவு 2 மணிக்கு ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கினால் மருத்துவரை அழைப்பதில் யார் துணை நிற்பார்கள் என்பதையும் கேட்கலாம். நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள் என்ற வரிசையில் சுருக்கமாகச் சொல்லும் முறை அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்து இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் தூக்கத்தில் எழுப்பப்பட்டவரின் குரலைக் கேட்டதும் வகுப்பில் கற்றது மறந்துபோகும். முதல் சில முறை யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.

நோயாளிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் கேட்கத் தயங்க வேண்டாம். செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரிடம் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும் உயர்வது தெரியவந்தது. எவ்வளவு அன்பான சிஸ்டராக இருந்தாலும், அவர் தலையில் இருபது பேரைக் கட்டினால் புதியவரின் கேள்விக்கு எரிச்சல்தான் பதிலாகக் கிடைக்கும். ஆதரவைத் தனிமனிதர் குணமாக மட்டும் பார்ப்பது, அதனால்தான், நிர்வாகத்துக்கு வசதியாகிவிடுகிறது.

என் தலைமுறையினர் சிலர், "நாங்களும் திட்டு வாங்கித்தான் தொழில் கற்றோம்" என்பார்கள். கற்றோம், உண்மைதான், எங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தொழிலையே விட்டுப் போனார்கள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லும் சிஸ்டர் ஒன்றும் மென்மையானவர் அல்லர். கை கழுவும் முறையில் ஒரு படி விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து கழுவச் செய்வார். ஒருமுறை நான் போட்ட கட்டைப் பிரித்து, மூன்றாம் முறைதான் சரியென்றார். ஆனால் அதை நோயாளியின் முன்னால் செய்ததில்லை.

வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவரால் இத்தனை கேள்விகளையும் கேட்க முடியாது என்பதை அறிவேன். அவர்கள், முதலில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டாலும், அதே மருத்துவமனையின் எந்த வார்டில் ஆட்கள் நிலைத்திருக்கிறார்கள் என்று கவனித்து, சில மாதங்களில் அங்கே மாற்றல் கேட்கலாம். ஒரே கூரையின் கீழ் இரண்டு வார்டுகள் இரண்டு உலகங்களாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சுவரில் மாட்டியிருக்கும் தரச்சான்று மருத்துவமனை முழுமைக்கும் பொதுவானது. நீங்கள் வேலை செய்யப்போவது ஒரு வார்டில்.

தங்கள் கட்டுரையின் அடுத்த பகுதியில், பணியில் சேர்ந்து ஓராண்டு நிறைந்த செவிலியர்கள் சிலரிடம், பெயர் வெளியிடாமல், அவர்களுடைய முதல் இரவுப் பணியைப் பற்றி மட்டும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மூத்த செவிலியர், தங்கள் நெடுநாள் வாசகி