வரைபடத்தின் ஓரத்தில் இருந்த ஆண்டு எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த மலை நடைபயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எழுதியவர் நடையின் இன்பத்தை நன்கு உணர்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் கட்டுரையின் இறுதியில், கையில் கைபேசி இருந்தால் போதும், வரைபடச் செயலியைத் திறந்து அதில் தெரியும் பாதைக்கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் உச்சிக்குப் போய்விடலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே, இடத்தைக் காட்டும் ஒரு கியூஆர் குறியீடு மட்டும் அச்சாகியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காடு மலைகளில் நடந்து வருபவன், டிஜிட்டல் வரைபடங்களை நாள்தோறும் பயன்படுத்துபவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் டிஜிட்டல் வரைபடத்துக்கு எதிரி அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகக்கூடும். அந்தக் கலப்பு நிறுத்தப்பட்ட பிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. இன்று ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், சாதாரணக் கைபேசியே திறந்த வானத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. பத்தடி தூரம்கூடத் தெரியாத மூடுபனியில், எந்த முகட்டில் நிற்கிறோம் என்று புரியாமல் தவித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் நாம் நிற்கும் இடத்தைப் பற்றிய அறிவு வேறு, நாம் போகவேண்டிய பாதையைப் பற்றிய அறிவு வேறு. திரையில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி இந்த நொடியில் அளக்கப்பட்டது. அது உட்கார்ந்திருக்கும் பாதைக்கோட்டையோ, யாரோ ஒருவர் எப்போதோ, ஏதோ ஒரு ஆதாரத்தை வைத்து வரைந்திருக்கிறார். இரண்டும் ஒரே திரையில் ஒரே தெளிவோடு தெரிவதால், புள்ளியின் மீது நமக்குள்ள நம்பிக்கை நம்மை அறியாமலே கோட்டின் மீதும் படிந்துவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முடிந்த கையோடு, நண்பர்கள் இருவருடன் ஒரு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஏறிய வழியிலேயே திரும்பாமல், ஓடையை ஒட்டி இறங்கும் வேறொரு பாதையைச் செயலி காட்டியதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். திரையில் அது ஒரு புள்ளிக்கோடு. காலையில் நாங்கள் ஏறிவந்த, நன்கு தேய்ந்த பாதையும் அதே நிறத்தில், அதே தடிமனில் ஒரு புள்ளிக்கோடுதான். முக்கால் மணி நேரம் இறங்கிய பின் காலடித்தடம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் புதருக்குள் மறைந்தது. திரையைப் பார்த்தேன், நீலப் புள்ளி கோட்டின் மேல் சரியாக இருந்தது. இன்னும் முப்பது அடி நடந்தோம். அங்கே மண் சரிந்து, இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவர்போல வெட்டிக்கொண்டு நின்றது. விளிம்பில் மரவேர்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நீலப் புள்ளி அப்போதும் கோட்டை விட்டு விலகவில்லை. கோடு அந்தச் சரிவின் குறுக்கே தடையில்லாமல் போய், பள்ளத்தாக்கு வரை இறங்கியது.

இருட்ட ஒன்றரை மணி நேரமே இருந்தது. வந்த வழியே மேலேறிப் பழைய பாதையைப் பிடித்து, கடைசி ஒரு மணி நேரத்தை நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் நடந்து சாலையை அடைந்தோம். யாருக்கும் அடிபடவில்லை. ஆயினும் அந்த விளிம்பில் நின்றபோது, "கோடு அந்தப் பக்கம் போகிறதே, சுற்றிப் போய்ப் பார்ப்போமா" என்று நண்பர் கேட்டதும், நான் ஒரு நிமிடம் அதற்கு இசைந்து சரிவை நோட்டமிட்டதும் இன்றுவரை உறுத்துகிறது. கண்முன் பாதை இல்லை என்று தெரிந்த பிறகும், திரையில் இருக்கிறதே என்று மனம் வாதாடியது.

வீடு திரும்பியதும் அந்தக் கோட்டின் பூர்வீகத்தைத் தேடினேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன், வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரையப்பட்டது என்று திருத்த வரலாற்றில் ஒரு குறிப்பு இருந்தது. அதன்பின் யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. அது பொய்க்கோடு அல்ல. வரைந்த நாளில் அங்கே பாதை இருந்திருக்கும். என் வருத்தமெல்லாம், அந்தப் பதினோரு ஆண்டு எனக்குத் தெரிய வேண்டிய இடத்தில், அதாவது பிரிவுப் பாதையில் நின்று முடிவெடுத்தபோது என் கையிலிருந்த திரையில், தெரியவில்லை என்பதுதான்.

அச்சிட்ட நில அளவை வரைபடத்தைக் கையாண்டவர்களுக்கு அதன் ஓரம் நினைவிருக்கும். எந்த ஆண்டு அளக்கப்பட்டது, எந்த ஆண்டு திருத்தப்பட்டது, அளவுகோல் என்ன, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகளில் இரண்டுக்கு இடையே எத்தனை மீட்டர், காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அந்த விலகல் ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். முப்பது ஆண்டுக்கு முந்தைய அளவை என்று அதில் கண்டால், ஒற்றையடிப் பாதைகளைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முகடும் ஓடையும் இருந்த இடத்தில் இருக்கும், பாதை இருக்கும் என்று எண்ணாதே என்பார்கள். காகித வரைபடம் பெரும்பாலும் டிஜிட்டல் வரைபடத்தைவிடப் பழையதுதான். ஆனால் தன் வயதை அது மறைக்கவில்லை. கைபேசித் திரைக்கு வந்தபோது வரைபடம் எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் நீண்டது. ஓரம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. ஓரத்தில் இருந்த ஆண்டும் அதோடு போயிற்று.

அளவுகோலும் போயிற்று என்றே சொல்லலாம். இரண்டு விரல்களால் திரையை விரிக்க விரிக்கப் பாதை நெருங்கி வருகிறது, ஒவ்வொரு வளைவும் தெரிகிறது. ஆனால் பெரிதாக்கியதால் வரைபடத்தில் புதிதாக ஒரு செய்தியும் சேர்ந்துவிடுவதில்லை. சம உயரக்கோடுகளை எடுத்துக்கொள்வோம். பல செயலிகள் அவற்றை உருவாக்கப் பயன்படுத்தும் தரவு, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டேவர் விண்வெளி ஓடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்தது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை உள்ளடக்கிய மாபெரும் சாதனை அது. ஆனால் அது நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் உயரம் என்று தருகிறது; கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் கொண்டது. ஒரு கட்டத்துக்குள் பத்து மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இருந்தால், அது அந்தக் கட்டத்தின் ஒற்றை உயரத்துக்குள் கரைந்துவிடும். திரையில் மிதமான சரிவாகவே தெரியும். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையைத் தொடுவதே அரிது; மரங்களின் மேற்பரப்பை ஒட்டிய உயரத்தையே பெரும்பாலும் பதிவு செய்தது. அந்தக் காடு பின்னாளில் வெட்டப்பட்டிருந்தாலும், மலைச்சரிவு பெயர்ந்திருந்தாலும், கோடுகள் 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுகொண்டிருக்கும். பாறையைச் சுற்றிப் போவதா, நேராக இறங்குவதா என்று ஒருவர் இந்தக் கோடுகளை எண்ணி முடிவெடுக்கும்போது, அவை எப்போது, எதைக் கொண்டு அளக்கப்பட்டவை என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

மற்ற நடையர்கள் பதிவேற்றும் தடங்களின் கதை வேறு. பலர் நடந்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் திரையில் பளிச்சென்று தெரிவதால், அது நல்ல பாதை என்று எண்ணிவிடுகிறோம். வழி தவறியவரின் தடமும் அதில் ஒன்றாகத்தான் சேர்கிறது. அந்தத் தவறான தடத்தை நம்பி நாலு பேர் போய்த் திரும்பினால் அது இன்னும் பளிச்சிடுகிறது. கோடையில் வறண்ட ஆற்றைக் கடந்தவரின் தடம், ஆறு கரைபுரளும் மாதத்திலும் அப்படியே ஆற்றின் குறுக்கே போகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கத் தேவையான தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2004-ஆம் ஆண்டில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில், தன்னார்வலர்கள் வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நாள் தானாகவே பதிவாகிறது. பாதை எவ்வளவு கடினமானது என்று சுவிஸ் ஆல்பைன் சங்கத்தின் ஆறு படித் தரவரிசைப்படி குறிக்கலாம். தரையில் தடம் தெளிவாகத் தெரிகிறதா, அரைகுறையாகத் தெரிகிறதா என்று குறிக்கவும் அதில் இடம் உண்டு. கைவிடப்பட்ட பாதை என்று தனியாகவும் பதியலாம். இவ்வளவையும் பொறுமையாகச் சேர்த்து வைத்த முகம் தெரியாத மனிதர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தரவுக்குள் இருக்கும் அந்த நாளைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. கோட்டைத் தொட்டால் அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி காட்டலாம். பல ஆண்டுகளாக யாரும் சரிபார்க்காத பாதையை வெளிறிய நிறத்தில் வரையலாம். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம்; செயலி செய்பவர்கள் மனம் வைத்தால் போதும்.

கோட்டின் உறுதியான தோற்றம் மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உண்டு. 2012 டிசம்பரில், ஆப்பிள் வரைபடத்தை நம்பி மில்டூரா நகருக்குப் புறப்பட்டவர்கள், அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் வசதியே இல்லாத ஒரு தேசியப் பூங்காவின் நடுவே போய்ச் சிக்கினார்கள். அங்கே வெயில் 46 டிகிரி செல்சியஸ் வரை ஏறக்கூடும் என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2021-இல் ஸ்காட்லாந்தின் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலைக்குக் கூகுள் மேப்ஸ் காட்டிய வழி, உச்சிக்கு நேர்த்தூரத்தில் மிக அருகில் இருக்கும் வாகன நிறுத்தத்தில் போய் முடிந்தது. அங்கிருந்து உச்சி வரை ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோட்டின் வழியே பாதையே கிடையாது. அனுபவம் மிக்க மலையேறிகளுக்கே ஆபத்தான பாறைச் சரிவு அது என்று மலையேற்ற அமைப்பினர் எச்சரித்தார்கள். சாலை இத்தோடு முடிகிறது, இனி நேர்க்கோட்டில் இவ்வளவு தூரம் என்பதே அந்தப் புள்ளிகளின் பொருள். புதிதாக வருபவரின் கண்ணுக்கு அது நடைபாதையாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

கைபேசியைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகளையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வரைபடத்தைப் புறப்படுமுன்பே பதிவிறக்கம் செய்துகொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும், விமானப் பயன்முறையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். டவரைத் தேடித் தேடிச் சார்ஜ் தீர்வதும் குறையும். கடுங்குளிரில் பேட்டரி எதிர்பாராமல் படுத்துவிடும் என்பதால், கைபேசியை உடலோடு ஒட்டிய உட்பையில் வைப்பது நல்லது. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. உதவி கேட்டு அழைக்கும்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எந்த முறையில் படிக்கிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், 10 பாகை 30 கலை என்றால் 10.5 பாகை; அதை ஒருவர் 10.30 பாகை என்று எழுதிக்கொண்டால், மீட்புக் குழு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடும்.

ஆசிரியர் அவர்களே, செயலி நிறுவனங்கள் மாறும் வரை காத்திருக்காமல் தங்கள் நாளிதழ் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நடைபயணக் கட்டுரை எதை வெளியிட்டாலும், எழுதியவர் அந்தப் பாதையில் எந்த மாதம், எந்த ஆண்டு நடந்தார் என்பதைக் கட்டாயமாக அச்சிடுங்கள். தூரத்தோடு மொத்த ஏற்றத்தையும் தாருங்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்று ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. அதன்படி 6 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு, ஓய்வைச் சேர்க்காமலே 2 மணி 42 நிமிடம் ஆகும். தங்கள் கட்டுரையில் வெறும் 6 கிலோமீட்டர் என்று படித்துவிட்டு, ஒரு மணி நேர நடைதானே என்று மதியத்துக்கு மேல் குழந்தைகளோடு கிளம்பும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பாதை எங்கே பிரிகிறது, எங்கே குழப்புகிறது, எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தாண்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதையும் நடந்தவரே இரண்டு வரியில் சொல்லலாம். கியூஆர் குறியீடு பிடிக்கும் இடத்தில் இவை எல்லாம் அடங்கிவிடும்.

மண் சரிந்த அந்த ஓடைப் பாதைக்கு, நாங்கள் திரும்பிய மறுநாளே நான் திருத்தம் அனுப்பினேன். சரிந்த பகுதி நீக்கப்பட்டு, இரு முனைகளிலும் எச்சரிக்கைக் குறிப்பு சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அந்தப் பகுதியைப் பதிவிறக்கம் செய்து வைத்து, இன்னும் புதுப்பிக்காமல் இருப்பவர்களின் கைபேசியில் பழைய புள்ளிக்கோடு அதே இடத்தில், அதே நிறத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்