பினாங்குத் துறைமுகத் தமிழர் நினைவில் ஒரு நிறுவல் கலை: நன்கொடை வேண்டுகோள்

பினாங்குத் தமிழ் மக்களுக்கு வணக்கம்.

துறைமுகக் கரையோரச் சாலையான வெல்ட் கீ பக்கம் இன்று போனால் ஃபெர்ரிக்குக் காத்திருக்கும் மோட்டார் சைக்கிள்களையும், சுவெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களையும் பார்க்கலாம். பெரிய கப்பல்கள் கரைக்குத் தள்ளி நங்கூரமிட, தொங்கான்கள் எனும் சரக்குப் படகுகள் போய்ச் சரக்கை இறக்கி வந்த காலத்தில் அங்கே உழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1969-இல் தீவின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி போயிற்று. பிறகு மூட்டைகளுக்குப் பதில் கொள்கலன்கள் (கன்டெய்னர்கள்) வந்தன. சரக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தது. மூட்டை இழுத்த கொக்கிகள் வீட்டுப் பரண்களுக்குப் போயின.

அந்தக் கொக்கிகளைக் கீழே இறக்கத்தான் இந்த முயற்சி. நாகப்பட்டினக் கரையில் வளர்ந்த ஒரு கலைஞரை நான்கு மாதம் ஜார்ஜ் டவுனில் தங்கவைத்து, துறைமுகத் தமிழர் வாழ்வைப் பற்றி ஒரு நிறுவல் கலையை உருவாக்கச் செய்யப் போகிறோம். அந்த ஊர்க்காரரை அழைக்கக் காரணம் உண்டு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாகையில் ஆள் ஏற்றித்தான் இங்கே வந்தது. சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவும் அந்தக் கரையின் தொடர்ச்சிதான்.

நிறுவல் கலை என்றதும், “சுவரில் மாட்டும் படமா?” என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். உள்ளே நுழைந்து, நடந்து, தொட்டு, காதால் கேட்டு அறிய வேண்டிய அமைப்பு இது. கலைஞர் காட்டிய மாதிரியில், பழைய கடைவீட்டின் உத்தரத்திலிருந்து கப்பிகள் வழியே சாக்கு மூட்டைகள் தொங்குகின்றன. நம் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும் அல்லவா? அந்த நேரக் கணக்குப்படி மூட்டைகளும் மெல்ல ஏறி இறங்கும். கடல் வற்றிய வேளையில் வருபவர் மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். இடையிடையே, துறைமுகத்தில் வேலை செய்த பெரியவர்களின் குரல்கள் ஒலிக்கும். ரஜூலாவில் வந்து, ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனித்து வைக்கப்பட்டுக் கிடந்த தாத்தா பாட்டிகளிடம் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களின் குரலும் அதில் சேரும்.

2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிச் தீட்டிய சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன் இன்றும் படம் எடுக்கக் கூட்டம் நிற்கிறது. நல்ல ஓவியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊருக்கு வருகிறவர்கள் நம் கதையையும் நின்று பார்க்க ஓர் இடம் வேண்டும்.

“பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிட 42,000 வெள்ளியா?” என்று கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கடைவீட்டு வாடகைக்கே 14,000 வெள்ளி போகிறது. பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிந்து, 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் பெயரும் ஏறிய நகரத்தில் இதைவிடக் குறைவாக இடம் பிடிக்க எங்களால் முடியவில்லை. கலைஞருக்கு மாதம் 3,000 வெள்ளி வீதம் 12,000. இதைக் குறைக்கச் சிலர் சொன்னார்கள், நாங்கள் மறுத்துவிட்டோம். கூலி வாங்கி உழைத்தவர்களைப் பற்றிய வேலையை இலவசமாகச் செய்யச் சொல்வது அழகல்ல. கப்பி, வடம், மோட்டார், தச்சு வேலைக்கு 9,000. ஒலிப்பதிவு, காப்புறுதி, பொதுமக்கள் பார்வை நாட்களின் செலவு எல்லாம் சேர்த்து 7,000. குழு உறுப்பினர்கள் கைக்காசு போட்டு 6,500 வெள்ளி சேர்த்திருக்கிறோம். மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

ஐந்து வெள்ளி கொடுத்தாலும் ரசீது உண்டு. பணம் குழுவின் பெயரிலுள்ள கணக்கில் இருக்கும். இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். வரவு செலவை மாதாமாதம் கடைவீட்டின் அஞ்சடியில் (முன்புற நடைபாதையில்) ஒட்டிவைப்போம்.

பணம் தர இயலாதவர்கள் பொருள் தரலாம். கொக்கி, பழைய சாக்கு, கப்பல் டிக்கெட், டிரங்குப் பெட்டி, துறைமுகத்தில் எடுத்த புகைப்படம் எதுவானாலும் சரி. இரவலாகத் தருவதற்கு எழுத்தில் ஒப்புதல் தருகிறோம். கண்காட்சி முடிந்ததும் வீட்டிலேயே கொண்டுவந்து சேர்ப்போம். பெட்டி கனமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேன் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு