மாப்ள, அந்த ஹார்ட் டிஸ்க் எங்க?

மாப்ள,

2025 செப்டம்பர் 24-ஓட நம்ம ஃபிசியாலஜி விஞ்ஞானி பெயின்டல் பொறந்து 100 வருஷம் ஆச்சு. ஜே ரிசப்டார்னா அவரு பேரு ஃபர்ஸ்ட் இயர் மெடிக்கல் பசங்களுக்கே தெரியும். நுரையீரல்ல நீர் கோத்தா மூச்சு எறைக்குதே, அதுக்குப் பின்னால இருக்குற நரம்பு முனை. மத்தபடி அவரு பர்மாவுல பொறந்தது, எடின்பரோவுல பிஎச்டி பண்ணது, பூனையோட வேகஸ் நரம்புலேர்ந்து ஒத்த இழைய பிரிச்சது, எல்லாம் உனக்கு எதுக்கு, நீதான எனக்கே சொன்ன.

எனக்கு அந்த ராத்திரிதான் வருது. எலி மயக்கத்துல கெடக்கு, நீ மைக்ராஸ்கோப்புலேர்ந்து கண்ணையே எடுக்காம பாரஃபின் ஆயிலுக்குள்ள வேகஸ பிரிச்சுப் பிரிச்சு எலக்ட்ரோட்ல மாட்டுற, ஸ்பீக்கர்ல வெறும் இரைச்சல், விடியப்போற நேரத்துல மருந்து ஏத்துன ரெண்டு மூணு செகண்டுல டக்டக்டக்னு நரம்பு சிக்னல் ஆரம்பிச்சுது பாரு, நான் குதிக்கிறேன், நீ “ஃபேன ஆஃப் பண்றா, நாய்ஸா இருக்கும்”ங்குற. ஆஃப் பண்ணியும் வந்துச்சு. அப்படி ஒரு நிதானமான கைய அப்புறம் நான் பாக்கவே இல்லடா.

பின்னால நடந்தத இங்க விரிவா எழுத மாட்டேன், அந்த லேப் ஆளுங்களும் படிப்பாங்க. நம்ம நெசமா டெஸ்ட் பண்ணதவிட பேப்பர்ல போட்ட கிராஃப்ல எலி ஜாஸ்தி, அவ்ளோதான். நீ மீட்டிங்ல எந்திரிச்சுக் கேட்ட, நான் டீ கப்பையே பாத்துட்டு இருந்தேன். ஸாரிடா. ஆனா உனக்கு அப்பா கடை இருந்துச்சு, எனக்கு ஃபெல்லோஷிப் வந்தாதான் வீட்டு வாடகை, தங்கச்சி கல்யாணம் வேற, இதெல்லாம் தெரிஞ்சும் மறுநாளே பையத் தூக்கிட்டுக் கெளம்புன, திரும்பிக்கூட பாக்கல.

உன் ஹீரோ பெயின்டல் அப்படிப் போகலையே? 1986-ல ஐசிஎம்ஆர்-ங்குற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கு டைரக்டர் ஜெனரல் ஆன அதே வருஷம்தான் சொசைட்டி ஃபார் சயின்டிஃபிக் வேல்யூஸும் ஆரம்பிச்சாரு, சயின்ஸ்ல நடக்குற இந்த மாதிரி தில்லுமுல்லையெல்லாம் கேள்வி கேக்க. உள்ள இருந்துட்டே. சரி, அவருக்கு நாற்காலி இருந்துச்சு, நமக்கு ஸ்டூல்கூட சொந்தமில்லன்னு சொல்லுவ. தெரியும்.

போன வாரம் அந்த பேப்பர்லேர்ந்து என் பேர எடுக்கச் சொல்லி ஜர்னலுக்கு மெயில் போட்டுட்டேன். உனக்காக இல்ல, தெளிவா சொல்லிடுறேன். ஒரிஜினல் ரெக்கார்டிங் கேக்குறாங்க. ஹார்ட் டிஸ்க்க நீதான் எடுத்துட்டுப் போன. அனுப்புவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு.