கிளிஃப்டனுக்கு வரப்போகும் மகளுக்கு

பிரிஸ்டல்,
செப்டம்பர் கடைசி வாரம்.

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஆதியும் நலந்தானே. டிக்கெட் போட்டாயிற்று என்று அண்ணன் சொன்னான், ரொம்ப சந்தோஷம். ஏப்ரலில் நீங்கள் இங்கே வந்து இறங்கும்போது நானும் அப்பாவும் பாளையங்கோட்டை வெயிலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருப்போம். அண்ணனை நம்பி ஊர் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்தால் தூங்கத்தான் நேரம். அண்ணிக்கும் வேலை சரியாக இருக்கிறது. போனில் சொல்லலாமென்றால் உன் பிள்ளை பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. லண்டனுக்கு ஒதுக்கிய நாளில் ஒன்றிரண்டைக் குறைத்து இங்கே சேர்த்துக்கொள். பேடிங்டனில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிஸ்டல். அண்ணன் இருக்கும் கிளிஃப்டன் ஊருக்கு மேற்கே ஒரு மேட்டில் இருக்கிறது. கீழே துறைமுகம், மேலே கிளிஃப்டன். படத்தில் பார்த்திருப்பாய், வரிசை வரிசையாக வெளிர் நிற வீடுகள், இரும்புக் கம்பி வேலை செய்த பால்கனிகள். வருகிற எல்லோரும் நேரே மேலே போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. கீழே துறைமுகத்தில் தொடங்கி நடந்து மேலே ஏறு. இந்த ஊர்ப் பணமும் அப்படித்தான் ஏறியது.

கீழே கிரேட் ஜார்ஜ் தெருவில் ஜார்ஜியன் ஹவுஸ் என்று ஒரு வீடு, இப்போது மியூசியம். அனுமதி இலவசம். 1790 வாக்கில் ஜான் பின்னி என்பவர் கட்டிக்கொண்டது. மேற்கிந்தியத் தீவுகளில் நெவிஸ் என்ற தீவில் அவருக்குக் கரும்புத் தோட்டம், தோட்டத்தில் அடிமைகள். சர்க்கரை விற்ற காசில் எழுந்த வீடு. சாப்பாட்டு அறை, நூலக அறை, அடித்தளத்தில் இறங்கிக் குளிக்கக் குளிர்ந்த நீர்த் தொட்டி, எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் பெரோ என்று ஒருவர் வேலைக்காரராக இருந்தார். 12 வயதில் இரண்டு தங்கைகளோடு சேர்த்துப் பின்னி விலைக்கு வாங்கிய பையன். பின்னியோடு இங்கே வந்து, 1798-இல் செத்துப்போகும்வரை அடிமையாகவே இருந்தார். துறைமுகத்தில் நடந்து கடக்க ஒரு சின்னப் பாலம் கட்டி 1999-இல் அவர் பெயரை வைத்தார்கள். நடுவில் இரண்டு பெரிய கொம்பு நிற்கும், பார்த்தவுடன் தெரியும்.

1698-லிருந்து 1807 வரை பிரிஸ்டல் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றிப்போன மனிதர்கள் ஏறத்தாழ 5 லட்சம். 1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அடிமைகளுக்கு இல்லை, முதலாளிமார்களுக்கு! வகுப்பில் பாடம் நடத்தியபோது இதெல்லாம் ஒரு வரியில் போய்விடும். பின்னி வீட்டின் சமையலறையில் நின்றால் அப்படிப் போகமாட்டேன் என்கிறது.

அங்கிருந்து துறைமுகக் கரைக்கு வந்தால் எம் ஷெட் என்ற மியூசியம். 2020 ஜூன் 7-ஆம் தேதி ஜனங்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துத் தண்ணீரில் தள்ளினார்களே, அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டன் சிலை, அது இங்கேதான் கிடக்கிறது. நிமிர்த்தி வைக்கவில்லை. மேலே வீசிய பெயிண்ட் உட்பட, படுத்த வாக்கிலேயே வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, ஒன்று நிறுத்த வேண்டும், இல்லை உருக்க வேண்டும் என்கிறார். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

இதைப் பார்த்துவிட்டு மேலே ஏறு. ராயல் யார்க் கிரெசென்ட் என்று பிறை வடிவில் ஒரே நீளமாக வளைந்துபோகும் வீட்டு வரிசை இருக்கிறது, ஐரோப்பாவிலேயே நீளமானவற்றில் ஒன்று என்பார்கள். 1791-இல் தொடங்கி, பிரான்ஸோடு சண்டை வந்து, கட்டியவர்கள் கடனில் மூழ்கி, 1820-இல்தான் முடிந்தது. வீடுகளுக்கு முன்னால் உயர்த்திக் கட்டிய நடைபாதையில் நின்றால் துறைமுகம் முழுவதும் காலடியில். பின்னி வீட்டைப் பார்த்தபிறகு அங்கே நின்று பார். அழகில்லை என்று சொல்ல வரவில்லை. அழகுதான், மனசு அள்ளிக்கொண்டு போகிறது. கணக்கும் தெரிந்திருக்கட்டும் என்கிறேன்.

இனி பாலம். இதைப் பற்றி விரிவாக எழுதாவிட்டால் அப்பா சாப்பிட வரமாட்டார். காலமெல்லாம் நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களோடு இருந்தவர், இங்கே வந்ததிலிருந்து காலை நடை அதன்மேல்தான்.

ஏவன் ஆறு இந்த இடத்தில் செங்குத்தான சுண்ணாம்புக் கல் மலையை அறுத்துக்கொண்டு போகிறது. இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே தொங்குபாலம். கோபுரத்துக்குக் கோபுரம் 214 மீட்டர், ஆறு நிரம்பி ஓடும்போதும் தண்ணீருக்கு மேலே 75 மீட்டர். 1754-இல் வில்லியம் விக் என்ற ஒயின் வியாபாரி சாகும்போது ஆயிரம் பவுண்டு வைத்துவிட்டு, வட்டி சேர்ந்து பத்தாயிரம் ஆனதும் இங்கே பாலம் கட்டுங்கள் என்று உயில் எழுதினார். 1829-இல்தான் போட்டி வைத்தார்கள். நடுவர் அந்தக் காலத்துப் பெரிய இன்ஜினியர் தாமஸ் டெல்ஃபோர்டு. வந்த எல்லா வரைபடத்தையும் தள்ளிவிட்டு, தானே ஒரு வரைபடத்தை நீட்டினாராம். டெண்டர் கமிட்டிகளில் உட்கார்ந்து பழகிய உன் அப்பா இதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப்பார்த்தார். மறுபடி போட்டி வைத்து, இசம்பார்ட் புருனெல் என்ற இளைஞரிடம் வேலை போனது.

1831-இல் அடிக்கல் போட்டார்கள். அதே வருஷம் ஓட்டுரிமைக்காக ஊரில் பெரிய கலவரம், காசு போட இருந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். 1836-இல் மறுபடி தொடங்கினார்கள். 1843-இல் கஜானா காலி. இரண்டு கோபுரமும் நடுவில் ஒன்றுமில்லாமல் வருஷக்கணக்காக மொட்டையாக நின்றன. செய்து வைத்திருந்த இரும்பைக்கூட விற்றுவிட்டார்கள், அது சால்டாஷ் ரயில் பாலத்துக்குப் போனது. 1859-இல் புருனெல் 53 வயதில் இறந்துபோனார். அவருக்கு நினைவுச் சின்னமாகவாவது இதை முடிப்போம் என்று மற்ற இன்ஜினியர்கள் கூடினார்கள். அந்த நேரம் பார்த்து லண்டனில் தேம்ஸ் மேல் புருனெலே கட்டிய ஹங்கர்ஃபோர்டு தொங்குபாலத்தை ரயிலுக்காக இடித்தார்கள். அந்தச் சங்கிலிகளை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து இங்கே மாட்டினார்கள்! 1864 டிசம்பர் 8-ஆம் தேதி திறப்பு. உயில் எழுதி 110 வருஷம்.

கயல், சங்கிலி என்றால் வளையம் கோத்தது என்று நினைக்காதே. சைக்கிள் செயினில் தகடும் பின்னும் இருக்குமே, அந்த மாதிரி. நீளமான இரும்புத் தகடுகளை அடுக்கி, முனையில் ஓட்டை போட்டு, தடித்த பின் கோத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு மூன்று சங்கிலி, ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றிலிருந்து பக்கத்துக்கு 81 கம்பி இறங்கிப் பாதையைத் தாங்குகிறது. கோபுரத்துக்குப் பக்கத்துக் கம்பி 20 மீட்டர் உயரம், நடுப்பாலத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் நடக்க நடக்கச் சங்கிலி வானத்திலிருந்து நம்மிடம் இறங்கி வருகிறது, நடுவில் வந்தால் பின்னின் தலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கார் போகும்போது காலடியில் மெல்ல ஒரு அசைவு தெரியும், பயப்படாதே. நடப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது, கார்க்காரர்கள் கொடுக்கும் சுங்கத்தில்தான் பராமரிப்பு நடக்கிறது. அக்கரைக் கோபுரத்தின் அடித்தளம் கெட்டிக் கல் என்று ரொம்பக் காலம் நம்பியிருந்தார்கள், 2002-இல் பார்த்தால் உள்ளே 12 பெரிய அறைகள் காலியாக இருக்கின்றன. கோடையில் அதற்குள் கூட்டிப்போகிறார்கள், முன்பதிவு வேண்டும். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்.

கீழே எட்டிப்பார்த்தால் சில நேரம் ஆறு, சில நேரம் வெறும் சேறு. கடல் ஏற்ற இறக்கம் இங்கே 12 மீட்டரைத் தாண்டும் நாள் உண்டு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்ப் பார், ஒரே இடம் என்று நம்பமாட்டாய்.

பாலத்துக்குப் பக்கத்து மேட்டில் பழைய காற்றாலை ஒன்று, 1777-இல் எரிந்துபோனதை 1828-இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஓவியர் வாடகைக்கு எடுத்து அப்சர்வேட்டரி ஆக்கினார். உச்சியில் இருட்டு அறை. கூரையில் கண்ணாடியும் லென்ஸும். வெளியே நடக்கிறவர்கள், பாலம், பறவை எல்லாம் அறை நடுவே வட்டமான வெள்ளை மேசையில் அசைந்துகொண்டே விழுகிறது. திருப்பித் திருப்பி நாலா பக்கமும் பார்க்கலாம். ஆதியை அங்கிருந்து கிளப்ப முடியாது. அடியிலிருந்து பாறையைக் குடைந்த சுரங்கப்படி ஒன்று குகைக்கு இறங்குகிறது. குனிந்துதான் போகவேண்டும், அப்பாவின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. வெளியே ஒரு சரிவான பாறை பளபளவென்று இருக்கும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கித் தேய்ந்தது. பேன்ட் கிழியும், பழையது போட்டு அனுப்பு.

ஆதிக்கு ஒரு விஷயம், நீ சொல்லாமல் அங்கே கூட்டிப்போய்க் காட்டு. கிளிஃப்டன் காலேஜ் என்று ஒரு பள்ளிக்கூடம், அதன் மைதானத்தில் 1899 ஜூனில் 13 வயதுப் பையன் ஒருவன் ஆட்டமிழக்காமல் 628 ரன் அடித்தான். ஏ.இ.ஜே. காலின்ஸ். பிறந்தது நம் நாட்டு ஹசாரிபாக்கில். பள்ளிக்குள் நடந்த ஆட்டம்தான், பல சாயங்காலங்கள் இழுத்தது. 2016 ஜனவரியில் மும்பைப் பையன் பிரணவ் தனவாடே 1009 அடிக்கும்வரை அதுதான் உலகத்திலேயே பெரிய ஸ்கோர். காலின்ஸ் 1914-இல் முதல் உலகப்போரில் செத்துப்போனான், இதை ஆதியிடம் அப்புறமாகச் சொல். உள்ளே விடமாட்டார்கள், ரோட்டிலிருந்தே மைதானம் தெரியும்.

மிருகக்காட்சி சாலை என்று அவன் கேட்டால், கிளிஃப்டனில் இருந்ததை 2022-இல் மூடிவிட்டார்கள். அதற்குப் பதில் கீழே எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பலைக் காட்டு. அதுவும் புருனெல் செய்ததுதான், 1843-இல் மிதக்கவிட்ட இரும்புக் கப்பல். 1861-இல் ஆஸ்திரேலியாவுக்கு முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியை ஏற்றிப்போனது இதுவே. ஃபாக்லாந்து தீவில் கிடந்து துருப்பிடித்ததை 1970-இல் மீட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். டிக்கெட் விலை கொஞ்சம் கூடுதல்தான், கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு இடம், இதற்கு ஒரு நாள் தனியாக வை. ஊரின் மறுகோடியில் ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டம். அங்கே மரங்களுக்கு நடுவே கல்லில் செய்த மண்டபம், தூணும் விமானமும் நம் நாட்டு மாதிரி. ராஜா ராம்மோகன் ராயின் சமாதி. உடன்கட்டை ஒழிப்பு, பிரம்ம சமாஜம் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! முகலாய பாதுஷாவின் தூதராக 1831-இல் இங்கிலாந்து வந்தவர், நண்பர்களோடு தங்க பிரிஸ்டல் வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு 1833 செப்டம்பர் 27-இல் போய்விட்டார். அடிமை ஒழிப்புச் சட்டம் கையெழுத்தாகி ஒரு மாதம்கூட முழுதாய் முடிந்திருக்கவில்லை. 1843-இல் அவர் உடலை இங்கே மாற்றி மண்டபம் எழுப்பக் காசு கொடுத்தவர் துவாரகநாத் தாகூர், நம் ரவீந்திரநாத்தின் தாத்தா. நாங்கள் போன அன்று யாரோ மஞ்சள் சாமந்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார், ஈரப் புல்லில்.

திரும்பி வரும் பஸ்ஸில் இன்னொரு கதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். 1963 வரை இந்த ஊர் பஸ்களில் கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுப்பதில்லை. பால் ஸ்டீஃபன்சன் போன்றவர்கள் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று கிளர்ச்சி செய்து, அந்த வருஷம் ஆகஸ்டில் ஜெயித்தார்கள். செப்டம்பரில் முதலில் கண்டக்டரானவர் ரக்பீர் சிங், தலைப்பாகை கட்டிய சீக்கியர்.

ஏப்ரலில் ஒரே நாளில் வெயிலும் மழையும் வரும். குடை இந்த மேட்டுக் காற்றுக்கு நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள். ஏற்றம் அதிகம், புதுச் செருப்போடு வராதே. அண்ணிக்குச் சுண்டைக்காய் வற்றலும் இடித்த மிளகாய்ப் பொடியும் கொண்டு வா. பால்கோவா வேண்டாம், பால் பண்டம் இங்கே விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். அண்ணன் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
அம்மா