வணிகச் சட்டப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். வணிகச் சட்டத்தை முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் ஆசிரியர்களில் ஒருவனாக எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: பாடத்தை வரையறையில் தொடங்காமல் வழக்கில் தொடங்குங்கள்.

"ஒப்பந்தத்தின் இன்றியமையாத கூறுகளை விளக்குக" என்று கேட்டால் முனைவு (ஒப்பந்தத்துக்கு முன்வைக்கும் யோசனை), ஏற்பு, மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தருவது அல்லது செய்வது), தகுதி, சுதந்திரமான சம்மதம் என்று மளமளவென எழுதிவிடுகிறார்கள். அதே மாணவரிடம் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "இதில் சொன்னபடி கம்பெனி நடக்காவிட்டால் வழக்குப் போடலாமா?" என்று கேளுங்கள், திகைத்து நிற்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்குகளை அடிக்குறிப்பில் ஒதுக்கி வைத்தது நாம்தான்.

கார்லில் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி, மூக்கில் மருந்தை உறிஞ்சப் பயன்படும் தன் கார்பாலிக் புகைப்பந்தை நாளுக்கு மூன்று முறை, இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. தன் நேர்மைக்குச் சாட்சியாக 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் சொன்னது. கார்லில் என்ற பெண்மணி சொன்னபடியே பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது, பணம் கேட்டார். கம்பெனி என்ன சொன்னது? அது வெறும் விளம்பரப் பேச்சு. ஊருலகம் முழுவதோடும் ஒப்பந்தம் போட முடியாது. அந்த அம்மா ஏற்பைத் தெரிவிக்கவே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்ன பிறகு அது வெறும் பேச்சாகாது. உலகத்துக்கே முனைவு வைக்கலாம், கேட்டதைச் செய்து முடிப்பதே ஏற்பு, அதற்காகப் பட்ட சிரமமே மறுபயன். எத்தனை பக்கம் மனப்பாடம் செய்தாலும் பிடிபடாதது இந்த ஒரு வழக்கில் பிடிபட்டுவிடும்.

அடுத்து சாலமன் வழக்கு. தோல் பூட்ஸ் வியாபாரியான ஆரன் சாலமன் தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை, மீதி ஆறும் மனைவி மக்கள் பெயரில். விலையின் ஒரு பகுதிக்குக் கடன் பத்திரம் வாங்கிக்கொண்டார். கம்பெனி நொடித்தது. "கம்பெனி என்பதே சாலமன்தானே, கடனை அவரே கட்டட்டும்" என்றது எதிர்த்தரப்பு. கீழ் நீதிமன்றங்களும் ஒப்புக்கொண்டன. 1896இல், அன்று நாட்டின் மேல்மட்ட நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது: முறைப்படி பதிவான கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு.

மாணவர் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. கம்பெனி வாங்கும் கடனுக்கு இயக்குநர் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட்டால், பொதுவாகக் கடன் கம்பெனியுடையது. அதே கட்டில் இன்னொரு தாளாக, கம்பெனி கட்டாவிட்டால் தானே கட்டுவதாகச் சொல்லும் சொந்த உத்தரவாதப் பத்திரமும் இருந்து, அதிலும் அவர் கையெழுத்துப் போட்டால் நிலைமையே வேறு. சாலமனுக்குக் கிடைத்த பாதுகாப்பை, அந்தக் கடனைப் பொறுத்தவரை, தன் கையாலேயே விட்டுக்கொடுக்கிறார். பட்டம் வாங்கியவர்களே அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

உரிமையியல், குற்றவியல் என்ற பிரிவையும் இப்படியே நடத்தலாம். ஒரே மோசடியில் பணத்தை மீட்க ஒரு வழக்கும், தண்டனை கோரி இன்னொரு வழக்கும் நடக்கலாம். முதலாவதில் எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும்; இரண்டாவதில் நியாயமான சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது. ஒன்றில் தோற்றவர் இன்னொன்றில் வெல்வது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் ஒரு தீர்ப்பின் சுருக்கத்தை எளிய தமிழில் வையுங்கள். தேர்வில் பாதி மதிப்பெண்ணைச் சிக்கலைத் தீர்க்கச் சொல்லும் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். வாடகை, வேலை, கடன் என்று மூன்று ஒப்பந்தப் படிவங்களையாவது வரிவரியாகப் படிக்க வகுப்பில் நேரம் கொடுங்கள். அடுத்த திருத்தத்தில் இவற்றைச் சேர்ப்பதாக இருந்தால், தீர்ப்புச் சுருக்கங்களை எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
வணிகச் சட்ட ஆசிரியர் ஒருவர்